அவள் ‘காணும்’ என்றாள்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்லத் தொடங்குகிறேன். பேய், சகுனம், உரு வந்து ஆடுவது என்று யாராவது வாயைத் திறந்தால் எழும்பிப் போகிற ஆள் நான். ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்தது நடந்ததுதான். அதை நினைத்தால் பயம் வருவதற்கு முதல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் தங்கை சுபா, புருஷனை இழந்து இரண்டு வருடம். நித்திரை இல்லை, மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிறாள். போதை தருகிற காளானில் போட்ட தேநீர் குடித்தால், பக்கத்தில் ஒரு வழிகாட்டி இருந்து பார்த்துக்கொண்டால், மனப்பாரம் இறங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சென்னைக்காரர் ஒருவர் இங்கே அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில் அதைத் தமிழிலேயே நடத்துகிறார் என்றதும் இவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நான் வேண்டாம் என்று சண்டை பிடித்தேன். கேட்கவில்லை, விலாசத்தை மட்டும் எனக்கு அனுப்பிவிட்டுப் போனாள்.

நான் அஜக்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. அன்று மத்தியானம் கருவிகளைக் கழுவிக்கொண்டு நிற்கிறேன், வலது காதுக்குப் பக்கத்தில் சுபாவின் குரல். “அக்கா, காணும்.” திரும்பினேன், ஒருவரும் இல்லை. திரும்பவும், “அக்கா, காணும், காணும்.” சோறு போடுகிறவரின் கையை மறித்து எங்கள் ஊர்ப் பேச்சில் நாங்கள் சொல்கிற சொல் அது, போதும் என்று அர்த்தம். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்று பத்துக்கு சைன் அவுட் பண்ணினேன்.

401 ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. படித்த மனுஷி, காதில் குரல் கேட்டது என்று வேலையை விட்டு ஓடுகிறேன்! இறங்கி ஒரு கோப்பிக் கடை பார்க்கிங்கில் காரை நிறுத்தினேன். சுபாவுக்கு அழைத்தேன், ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. என்னை நானே ஏசிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் அங்கேயே இருந்துவிட்டு, மனம் ஆறாமல்தான் மறுபடி காரை எடுத்தேன்.

பேஸ்மென்ட் கதவை அந்தச் சென்னைக்காரர்தான் திறந்தார். உள்ளே மெத்தையில் சுபா, கண்ணில் கறுப்புத் துணி, உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கிறது, வேர்வையில் தலையணை நனைந்து கிடக்கிறது.

“மேடம், டிஸ்டர்ப் பண்ணாதீங்க. ரொம்ப ஆழமா போயிருக்காங்க. ‘காணும், காணும்’னு அவங்களே சொன்னாங்க. கண்ணுக்குக் காணுதுன்னு அர்த்தம், காட்சி தெரிய ஆரம்பிச்சிடுச்சு, அதனாலதான் இன்னொரு கப் குடுத்தேன்.”

எனக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது.

“காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்! அவள் நிப்பாட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள், நீ இன்னும் ஊத்தியிருக்கிறாய்! அவள் என்ன குளிசை எடுக்கிறாள் எண்டாவது கேட்டனியோ?”

“அதெல்லாம் இயற்கையான பொருள்தான், ஒண்ணும் பண்ணாது மேடம்...”

நான் அவரைத் தள்ளிவிட்டு அம்புலன்ஸை அழைத்தேன். அந்தக் குளிசையும் காளானும் சேர்ந்தது, அதுவும் இரட்டைக் கோப்பை, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டொக்டர். பிழைத்தாள். ஆனால் இப்போதும் லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கமாட்டாள். சாப்பாட்டில் போதும் என்றால் கையை மட்டும் மறிப்பாள், வாயால் சொல்லமாட்டாள்.

நான் காளானைத் திட்டவில்லை, நல்லது செய்கிறதோ என்னவோ, படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு மனுஷியின் மூளையைத் திறக்கப் போகிறவன் முதலில் அவளுடைய மருந்தைக் கேட்கவேண்டாமா? எந்தச் சொல் சொன்னால், எந்தக் கையைத் தூக்கினால் நிறுத்துவது என்று முன்னரே பேசி வைக்கவேண்டாமா? தன்னிலை இழந்து கிடக்கிறவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைச் சம்மதம் என்று எடுத்து இன்னொரு கோப்பை கொடுக்க இவனுக்கு யார் அதிகாரம் தந்தது? மயிர் வெட்டுகிற கடைக்காரன்கூட இன்னும் வெட்டவா என்று இரண்டு தரம் கேட்கிறான்!

அதைவிடக் கொடுமை, தன்னில் பிழையில்லை என்று காட்ட அந்த ஆளே அன்று அந்த அறையில் எடுத்து வைத்திருந்த ஒலிப்பதிவை எங்களுக்கு அனுப்பினார். சுபா கேட்கமாட்டேன் என்றுவிட்டாள், நான் தனியக் கேட்டேன். கேட்டது அதே குரல், அதே இழுவை, “அக்கா, காணும்,” பிறகு, “அக்கா, காணும், காணும்.” அதற்குப் பிறகுதான் கோப்பையில் ஊற்றுகிற சத்தம். அதற்கு முதல் அவள் ஒரு தரம்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, தொடக்கத்திலிருந்து கேட்டுப் பார்த்தேன். அவள் முதல் தரம் ‘காணும்’ என்கிற இடத்தில் பதிவில் நேரமும் விழுந்திருந்தது, ஒன்று நாற்பது.

ஒன்று நாற்பது! நான் கிளினிக்கில் சைன் அவுட் பண்ணியது ஒன்று பத்துக்கு. வேண்டுமானால் கிளினிக்கில் போய்ப் பாருங்கள், நேரம் இப்போதும் கிடக்கும். அவள் வாய் திறப்பதற்கு அரை மணித்தியாலம் முதலே எனக்குக் கேட்டிருக்கிறது. அஜக்ஸிலிருந்து அந்த வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். நிற்காமல் ஓடியிருந்தால் அந்த இரண்டாவது கோப்பைக்கு முதல் கதவைத் தட்டியிருப்பேன்.