முடிச்சில்லாத பரிசச் சேலை

தெருமுனையில் அன்னியத் துணியைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்த காலம். எனக்குப் பேரையூரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணும் அவள் தோழிகளும் சீமைத் துணியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்களாம். சேலை எங்கே பிறந்தது என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி, நிறமெல்லாம் அப்புறம். மாப்பிள்ளை எங்கே பிறந்தான் என்றுகூட அப்படி விசாரிக்கவில்லை.

எனக்கென்ன பயம்? மதுரைக்காரன். பரிசத்துக்குச் சுங்குடிச் சேலை எடுத்தேன். சாயத்தில் முக்குமுன் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் கட்டுகிறார்களே, அந்த முடிச்சுகளை அவிழ்க்காமலே கடைக்காரர் கொடுத்தார். முடிச்சு அவிழ்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். ஏன் அப்படியே தருகிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம்.

வீட்டில் என் கூட்டாளி எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ள, உங்க அம்மாச்சி கட்டிப் போட்ட சேலையவா கொண்டு போற? இம்புட்டுக் கசங்கிக் கெடக்கு."

அவ்வளவுதான். உட்கார்ந்து இழுத்து இழுத்து எல்லா முடிச்சையும் அவிழ்த்தேன். சலவைக்காரரிடம் கொடுத்துப் பெட்டி போட்டு வாங்கினேன். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

பேரையூரில் சேலைத் தட்டு உள்ளே போயிற்று. பெண் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்தால்தான் பரிசம். கூடத்தில் கதவை ஒட்டி, தற்செயலாக அமர்ந்தவன்போல் நான் உட்கார்ந்திருந்தேன். தோழிகளின் பேச்சு காதில் விழுந்தது.

"ஆளுக்கொரு பக்கம் இழுங்கடி."

"எதை இழுக்க? முடிச்சே இல்லையே."

"எங்கக்கா பரிசத்துல முடிச்செல்லாம் படபடன்னு தெறிச்சுச்சு. இது சீமை மில்லுல புள்ளி அச்சடிச்சதுடி. மதுரைக்காரவுக நம்மள ஏமாத்தப் பாக்குறாக."

தங்கள் கையால் முடிச்சைத் தெறிக்க வைத்தால்தான் அவர்களுக்கு மதுரைச் சேலை. அதைத்தான் நான் பெட்டி போட்டுத் தொலைத்திருந்தேன். கதவிடுக்கில் வாயை வைத்து, "மீனாச்சி மேல சத்தியமா மதுரைச் சரக்குதாங்க. முடிச்ச நான்தான் அவுத்தேன்" என்றேன். சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இவுகளே அவுத்தாகளாம்," என்றது உள்ளே ஒரு குரல். "அப்ப இவுகளே கட்டிக்கிட்டு வரட்டும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்புறம்தான் பெண்ணின் குரல். "சன்னல் பக்கம் பிடிங்கடி." நான் காதைக் கதவோடு ஒட்டினேன். "ஒரு புள்ளி பெருசு, ஒரு புள்ளி சிறுசு. வரிசையப் பாரு, மாடு மூத்திரம் பேஞ்ச கணக்கா வளைஞ்சு போகுது. மில்லுக்காரன் இம்புட்டுக் கோணலாப் போடமாட்டான். கையில கட்டுனதுதான்."

"அப்ப மாப்பிள்ளை?"

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது, கூடவே பெண்ணின் குரல்.

"வகிடப் பாத்தியா, எம்புட்டுக் கோணல்? அதுவும் கைவேலைதான்."

காலையிலிருந்து சீவிச் சீவி நேராக்கிய கிராப்பு அது. சேலையைக் கட்டிக்கொண்டு அவள் சபைக்கு வந்தபோது, வகிட்டைச் சரிசெய்ய உயர்ந்த கையை மெல்ல இறக்கிக்கொண்டேன்.