கேசட் பெட்டியில் சந்தனம்

துடைக்கத் துடைக்கச் சந்தனம் பரவியது. சுகுமாரன் ஈரத் துணியைக் கீழே போட்டுவிட்டு நகத்தால் சுரண்டினான். முப்பது வருடத்து அட்டைப் பெட்டி. மேல்தாள் நகத்தோடு உரிந்து வந்தது. வாசலில் கார் வந்து நின்றது.

அலமாரியில் இருந்த எல்லாப் பெட்டிகளிலும் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. முந்தின நாள் ஆயுத பூஜை. அவன் வேலை செய்யும் டயர் கடையில் ஜாக்கிக்கும் காற்றடிக்கும் எந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு அலுப்போடு வந்து படுத்தவன், அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் இருந்தவற்றுக்கு அம்மா வைத்திருந்தாள்.

பெட்டிகளுக்குள் இருந்தவை ஜப்பானிய வீடியோ கேம் கேசட்டுகள். ஒசாக்காவில் ஒரு சிறிய நிறுவனம் கதவை மூடும்வரை வெளியிட்ட விளையாட்டுகள் மொத்தமே அவ்வளவுதான். ஒன்றில் கிழவன் படகோட்டுவான். ஒன்றில் நரி ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோகும். மற்ற நிறுவனங்கள் ஓடவும் சுடவும் வைத்த காலத்தில் இவர்கள் ஆளை நடக்கவிட்டார்கள். சுகுமாரனுக்கு ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நரி எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரியும். இதற்கென்று இணையத்தில் இருந்த குழுவில், எல்லாவற்றையும் பெட்டியோடு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். டயர் வியாபாரம் செய்வதாக அங்கே சொல்லியிருந்தான். அலமாரியைப் படம் பிடிக்கக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார் லிம். குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நரியை அவன் முதலில் பார்த்தது அவன் வளர்ந்த மெர்லிமாவில், மரக்கடை வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கே வீட்டில். தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது அம்மாவுக்கு வேலை போனது. தவுக்கே வீட்டில் துணி துவைக்கவும் தரை துடைக்கவும் சேர்ந்தாள். பள்ளி விடுமுறையில் அவனையும் கூட்டிப்போவாள். தவுக்கேயின் மகன் விளையாடுவான். இவன் கதவோரம் உட்கார்ந்து பார்ப்பான். ஆற்றைக் கடக்க வழி தெரியாமல் அந்தப் பையன் திணறியபோது பாலம் எங்கே என்று இவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாளும் சொன்னதில்லை.

லிம் முதல் பெட்டியைக் கையில் எடுத்தார். அவர் முகம் மாறியது. யார் இப்படிச் செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். கைலியும் மகனுடைய பழைய டி-சட்டையுமாக அம்மா முனியம்மா தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

“மெய்ட்,” என்றான் சுகுமாரன்.

வயசானவள், ஒன்றும் தெரியாது என்றும் ஆங்கிலத்தில் சேர்த்தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வேலைக்காரி என்று பொருள்படும் அந்த ஒரு சொல் தெரியும். தவுக்கே வீட்டுக்கு வந்தவர்கள் அவளை அப்படித்தான் அறிந்திருந்தார்கள். லிம்முக்கு முதலில் தேநீர் கொடுத்தாள். பிறகு மகனுக்கு. தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு சமையலறைக் கதவருகே போய் நின்றாள்.

ஏன் ஆன்ட்டி இப்படிச் செய்தீர்கள் என்று லிம் மலாயில் கேட்டார். நேற்று சாமி நாள், வேலைச் சாமானுக்கு வைப்போம், இவர் கை எந்நேரமும் இதில்தான் இருக்கிறது, அதனால் வைத்தேன் என்று அவளும் மலாயில் சொன்னாள். பிறகு மகன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“மன்னிச்சிருங்கய்யா. தெரியாம வெச்சிட்டேன்.”

லிம் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தார். சொல்வதற்கு நேரம் இருந்தது. இவர் என் அம்மா என்று ஒரு வாக்கியம். சுகுமாரன் தேநீரைக் குடித்தான்.

படத்தில் பார்க்கப் பொட்டு அழகாகத்தான் இருக்கிறது என்றார் லிம், சமாதானமாகி. ஆன்ட்டியும் அலமாரி பக்கத்தில் நிற்கட்டும் என்றார். அவள் உத்தரவு கேட்பதுபோல் மகனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். கேமரா ஓடும்போதே, இந்த வீட்டில் எவ்வளவு காலமாக வேலை என்று லிம் கேட்டார். இவர் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து என்றாள்.

“அப்படின்னா இவர் உங்க மகன் மாதிரிலா,” என்று லிம் மலாயில் சிரித்தார்.

“அது எப்படி பாஸ்? முதலாளி முதலாளிதான்,” என்று அவளும் அதே மொழியில் சொல்லிச் சிரித்தாள்.

போகும்போது பூஜைக் கடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். லிம் அவள் கையில் ஒரு நோட்டை வைத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கார் போன பிறகு அவள் கோப்பைகளைக் கழுவினாள். சுகுமாரன் பின்னால் போய் நின்றான்.

“மா, நான் வந்து...”

“பரவால்லடா. செஞ்ச வேலைதானே.” குழாயை மூடினாள். “மீன் குழம்பு இருக்கு. சுட வைக்கவா?”

வேண்டாம் என்றான். பசித்தது.

மறுநாள் திங்கட்கிழமை. சுகுமாரன் வேலைக்குப் போனான். செம்பனை ஏற்றிய லாரி ஒன்றுக்குப் பின்சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. மதியம் லிம்மின் படம் குழுவில் வந்தது. கீழே வேலைக்காரியைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். தனக்கும் இப்படி ஒருத்தி கிடைத்தால் நல்லது என்றார் ஒருவர். சுகுமாரன் ஒரு வரி எழுதி அழித்தான். பிறகு எல்லாருக்கும் நன்றி என்று போட்டான். மாலையில் மழை பெய்தது. வீட்டுக்கு வந்தபோது அம்மா கிளினிக்குக்குப் போய் மாத்திரை வாங்கி வந்திருந்தாள். கூட்டம் அதிகம் என்றாள். இருவரும் சாப்பிட்டார்கள்.