அப்பாவின் பேரில் இருந்தவன்

இனக் கலவரத்தில், கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் இருந்த எங்கள் கடை எரிந்தபோது பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியும் எரிந்தது. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை விறகறையில் ஒளித்து வைத்திருந்தது. நானும் அம்மாவும் நடுங்கிக்கொண்டிருக்க, அப்பா மட்டும், "என் சாவு எப்பவோ முடிஞ்சிருச்சு புள்ள, பயப்படாத" என்றார். மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

பிறகு கண்டியில் ஒரு வாடகை அறையில் இருந்தோம். எனக்கு ஆசிரியை வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் எங்களைப் போன்ற தோட்டத் தமிழருக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால், அப்பா இந்த நாட்டில் பிறந்தவர் என்று எழுத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அட்டையில்லாமல் சோதனைச் சாவடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று அந்த நாட்களில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டன் பூட்டன் கதை என்றாலே எனக்குத் தலைவலி. ஆனாலும் குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, அப்பா பிறந்த தோட்டத்தின் பிறப்பு இறப்புகளைப் பதியும் நாவலப்பிட்டிக் கந்தோருக்குப் போனேன்.

அங்கிருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். பழைய பிறப்புப் புத்தகத்தில் அப்பாவின் பெயர், தாத்தா, பாட்டி பெயர்கள், தோட்டத்தின் பெயர் எல்லாம் இருந்தன. அப்பாடா என்றிருந்தது. அவர் என்ன நினைத்தாரோ, இன்னொரு புத்தகத்தையும் எடுத்துப் புரட்டினார்.

"பிள்ளை, உங்கட அப்பா ரெண்டு வயசிலேயே காய்ச்சலிலை செத்துப்போனார் எண்டு இருக்குது."

அதே பெயர், அதே தாய் தகப்பன், அதே லயத்து வீடு. பிறப்புப் பத்திரத்தின் பிரதியைத் தரலாம், மேலிடத்தில் இதையும் தோண்டினால் நீங்கள் ஆள்மாறாட்டக்காரர் ஆகிவிடுவீர்கள், யோசித்து வாருங்கள் என்றார். பிரதியை வாங்காமலே திரும்பி பஸ் ஏறினேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எப்போதும்போல் தட்டின் ஓரத்தில் ஒரு பிடிச் சோறு ஒதுக்கியிருந்தார். காக்காய்க்கு என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறவில்லை.

"அது எங்க அண்ணன். அவன் போயி ஒரு வருசத்துல நான் பொறந்தேன். போன புள்ளதான் திரும்பி வந்திருச்சுன்னு எங்க ஆத்தா சொல்லிருச்சு. ஒரே புள்ளைய எதுக்கு ரெண்டு தடவ பதியணும்னு விட்டுட்டாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு பைத்தியக்காரத்தனமா, என் வாழ்க்கை அல்லவா இதில் தொங்குகிறது என்று கத்தினேன். அவர் தட்டோரத்துச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன்கிட்ட கேட்டுட்டேன். பத்திரத்த வாங்கிக்கட்டும்னு சொல்லிட்டான்."



மறுநாள் நான் மறுபடியும் கந்தோருக்குக் கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்தார். பிறப்புப் புத்தகத்தில் அண்ணன் பெயருக்குப் பின்னால் வருகிற பக்கங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரச் சொன்னார். எனக்குன்னு வேற பேர் ஏதும் எழுதியிருக்கான்னு பாரு புள்ள என்று, கடையில் சாமான் வாங்கிவரச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கிளார்க் பத்து வருடத்துப் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். புத்தகத்தின்படி அந்த வீட்டில் வேறு பிள்ளையே பிறக்கவில்லை. பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிற்பாடு குடியுரிமையும் வேலையும் அதை வைத்துத்தான் கிடைத்தன.

வீட்டில் அப்பா சாப்பிடாமல் காத்திருந்தார்.

"இருந்திச்சா?"

"இல்லப்பா."

தலையை ஆட்டினார். சோற்றைப் பிசைந்து, வழக்கம்போல தன் அண்ணனுக்கு ஒரு பிடியை ஓரத்தில் வைத்தார். எல்லாம் தின்று முடித்தபின், அன்றைக்கு அந்தப் பிடியையும் அவரே எடுத்துத் தின்றார்.