நானூறு கிராம்

தராசு ரிப்பேர் செய்கிறவர்களைப் பற்றி ஊரில் யாரும் நினைப்பதே இல்லை. சாமானில் எடை குறைந்தால் கடைக்காரனைத் திட்டுவார்கள், உடம்பில் கூடினால் தங்கள் வாயைத் திட்டிக்கொள்வார்கள். தெருக்கோடியில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கும் தராசு அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. வயது நாற்பத்தெட்டு. மளிகைக் கடை மேஜைத் தராசிலிருந்து லாரி ஏறும் எடைமேடை வரைக்கும் கை வைத்துவிட்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் கூண்டுச் சண்டை. குத்து, உதை, பிடி, பூட்டு எல்லாம் கலந்த எம்எம்ஏ. பத்து வருடத்துக்கு முன் ஒரு ஜிம்மில் எடை மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அங்கே டிவியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். அரை மணி நேர வேலையை அக்கா அன்றைக்கு மூன்று மணி நேரம் பார்த்தாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் யார் ஜெயித்தது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது.

போனில் ஒரு ரசிகர் குழு. இரண்டாயிரம் பேர். யாருக்கு முழங்கால் போயிற்று, யாருக்குக் கடைசி நேரத்தில் எதிராளியை மாற்றினார்கள், அடுத்த மாதப் பட்டச் சண்டையில் சாம்பியன் ஐந்து ரவுண்டு தாங்குவாளா என்று பொழுது விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். கூண்டை டிக்கெட் வாங்கிக்கூடப் பார்க்காதவன் பெயர் அங்கே 'கோச்'. அக்காவின் பெயர் 'படிக்கல்', தராசில் வைக்கும் எடைக்கல். பெயரைப் பார்த்து எவனோ அண்ணே என்று கூப்பிட, எல்லோருக்கும் அவள் அண்ணன் ஆகிவிட்டாள். அவளும் திருத்தவில்லை, அண்ணன் எழுதினால் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார்களே! எடை விஷயத்தில் சர்ச்சை வந்தால் "படிக்கல் அண்ணன் தொழில்காரர், அவர் சொல்லட்டும்" என்று இரண்டாயிரம் பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில், மறுநாள் சண்டைக்காக எடை போடுவதை நேரலையில் காட்டினார்கள். பார்சல் குடோனில் மூட்டை ஏற்றி இறக்கும் பெண் ஒருத்தி, ரசிகர்கள் வாயில் 'பார்சல்', அன்று மேடை ஏறினாள். வரிசையாக ஆறு சண்டை ஜெயித்தவள். நாளைய சண்டையையும் ஜெயித்தால் அடுத்த மாதம் பட்டத்துக்கு மோதலாம். வரம்பு ஐம்பத்திரண்டு கிலோ. தராசு ஐம்பத்திரண்டு புள்ளி மூன்று காட்டியது. ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி, வியர்த்து, உதடு வெடித்து வந்து ஏறினாள். ஐம்பத்திரண்டு புள்ளி இரண்டு. கூடுதல் எடையோடு மோத எதிராளி தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. சண்டையும் போயிற்று, பட்ட வாய்ப்பும் போயிற்று.

குழு கொதித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ரெண்டு வாய் குறைத்துத் தின்றால் என்ன என்றான் ஒருத்தன், மூட்டையோடு சேர்த்து நிறுத்தார்களோ என்றான் இன்னொருத்தன். ஒரு மளிகைக் கடையில் வேலையாக இருந்த அக்காவுக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக அந்தப் பட்டச் சண்டைக்குக் காத்திருந்தவள் அல்லவா. எண்ணெய்க் கையோடு தட்டினாள்: "தராசு பொய் சொல்லாது. வாயைக் கட்டத் தெரியாதவளுக்குப் பட்டம் எதுக்கு?" எழுநூறு பேர் கைதட்டினார்கள்.

மத்தியானம் தன் கடையில் சாப்பிட்டுக்கொண்டே அதே வீடியோவைத் திரும்ப ஓட்டினாள். கை பாதியில் நின்றது. அந்தப் பெண் மேடை ஏறுவதற்கு முன், தராசின் மேல் ஆள் இல்லாதபோது, எண் பலகையில் பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் புள்ளி நான்கு நின்றது. பின்னால் ஓட்டினாள். ஆண்கள் ஏறியபோது வெறும் தகடு, பூஜ்யம் சுத்தமாக இருந்தது. பெண்கள் முறை வந்ததும் விளம்பரக் கம்பெனி ஆள் ஒருவன் பெயர் போட்ட ரப்பர் விரிப்பைத் தகட்டின் மேல் விரித்துவிட்டுப் போனான், படத்தில் தெரிய வேண்டுமாம். பூஜ்யம் பொத்தானை ஒருவனும் திரும்ப அழுத்தவில்லை. மற்ற பெண்கள் வரம்புக்குக் கீழே தாராளமாக இருந்ததால் தப்பித்தார்கள், எல்லையில் நின்றவள் மாட்டினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்காவுக்கு முதலில் தன்மேல்தான் கோபம் வந்தது. நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும், ஏறும் முன் பூஜ்யத்தைப் பார் என்று சொல்கிறவள். ஊருக்கெல்லாம் தராசு பார்க்கிறவள் இன்றைக்குத் தராசை விட்டுவிட்டு, ஊரோடு சேர்ந்து அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்திருக்கிறாள்! சாப்பாட்டை மூடி வைத்தாள்.

முதல் வேலையாகக் காலையில் எழுதியதை அழித்தாள். பிறகு படம் பிடித்து, புள்ளி நான்கைச் சுற்றி வட்டம் போட்டுக் குழுவில் போட்டாள். மங்கலாக இருக்கிறது, பேசி விளக்குங்கள் அண்ணே என்றான் கோச். அக்கா தன் குரலிலேயே பதிவு செய்து விளக்கி அனுப்பினாள். பிறகு கோச் எழுதினான்: "ஓ, அக்காவா? அதான் பார்த்தேன். பொண்ணுக்குப் பொண்ணு சப்போர்ட்." அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டின. அதே கண், அதே கை, அதே இருபத்திரண்டு வருஷத் தொழில். மீசை மட்டும்தான் காணாமல் போயிருந்தது, அதோடு தொழிலும் போய்விட்டதாம்!

கடையைச் சாத்தினாள். வீட்டுக்காரர் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு வந்தார். அரசு முத்திரை குத்திய இருபது கிலோ படிக்கல்லைப் பின்னால் ஏற்றச் சொன்னாள். அவர் எங்கே என்று கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

நான்கு மணிக்கு அரங்கத்தில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். எடை அதிகாரி கழுத்தில் அட்டை மாட்டிய மரியாதையான மனிதர், தராசு புதுசும்மா, சான்றிதழ் இருக்கிறது என்றார். அக்கா உரிமத்தைக் காட்டிவிட்டுப் படிக்கல்லைத் தகட்டில் வைத்தாள். இருபது. எடுத்தாள், ஓரமாகச் சுருட்டிக் கிடந்த விரிப்பை விரித்தாள், மறுபடி வைத்தாள். இருபது புள்ளி நான்கு. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அதிகாரி எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் கதவைப் பார்த்தார்.

"தப்புதான்மா. ஆனா அந்தப் பொண்ணு ஒரு மணிக்கே முடிவை ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருச்சு. ஆட்சேபம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அப்பவே தராசைச் சோதிச்சிருப்போம். இப்ப அது தண்ணி குடிச்சிருச்சு, மறுபடி எடை போட்டும் பிரயோஜனம் இல்ல. பட்டச் சண்டைக்கு வேற ஆளையும் அறிவிச்சாச்சு."

"நீங்க பூஜ்யத்தைப் பாக்காம விட்டதுக்கு, அது கையெழுத்துப் போட்டது குத்தமா? உங்க வேலை அது ஒண்ணுதானே சார்?"

அடுத்த தடவை கவனமாக இருப்போம் என்றார். அடுத்த தடவை யாருக்கு வரும், இவருக்கா, அவளுக்கா? விரிப்பு போட்டவனுக்கு ஒன்றும் இல்லை, பொத்தானை மறந்தவருக்கு ஒன்றும் இல்லை. பட்டினி கிடந்தவளுக்கு மட்டும் தண்டனை!

அந்தப் பெண் உடை மாற்றும் அறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, ஏம்மா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டே என்று கேட்டே விட்டாள்.

"பயிற்சியாளர் போடாதேன்னுதான் சொன்னாரு. எனக்கும் மனசு கேக்கல, வீட்டுத் தராசுல சரியாத்தான் இருந்துச்சு. போன்ல ரசிகர் குழுவைப் பாத்தேன். படிக்கல் அண்ணன்னு ஒருத்தரு, தராசு பத்தி அவர் சொன்னா தப்பாவே இருக்காது. அவரே எழுதிட்டாரு, தராசு பொய் சொல்லாதுன்னு. அப்புறம் நான் என்னத்தச் சொல்றது? காலைல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சேன்க்கா. அதாலதான் எடை கூடிருச்சுன்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அழித்த வரியை அழிக்கும் முன்பே படிக்க வேண்டியவள் படித்திருக்கிறாள்.

"அது அண்ணன் இல்லம்மா. நான்தான்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். அக்கா எதையும் மறைக்கவில்லை. விரிப்பு, பொத்தான், புள்ளி நான்கு, பார்க்காமலே தட்டிய தன் விரல், எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். நடந்ததையெல்லாம் புகாராக எழுதி, தானே சாட்சிக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். அதனால் நாளைய சண்டை திரும்பி வராது என்பதையும் சொன்னாள்.

கோபப்படுவாள், எழுந்து போய்விடுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் நிஜ எடை எவ்வளவுக்கா?"

"ஐம்பத்தொண்ணு புள்ளி எட்டு."

"ரெண்டாவது தடவையா?"

"ஆமாம்மா. மொதத் தடவையே நீ உள்ளதான் இருந்தே. ஐம்பத்தொண்ணு புள்ளி ஒம்பது."

முதல் தடவையே. அப்படியானால் அந்த ஒரு மணி நேர ஓட்டமே தேவையில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, வெடித்த உதட்டைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள்.