டி-யில் கேட்ட குரல்

எனக்குக் காது மந்தம். அதனால் தப்பாகக் கேட்டிருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். என் மகளே அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் போன ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இது நடந்தது. நேரம் உட்படச் சொல்கிறேன்.

என் காது மெஷினில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. எம்-மில் வைத்தால் எல்லாரையும் போல அறையில் உள்ள சத்தம் கேட்கும். டி-யில் வைத்தால் மைக் நின்றுவிடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. லேண்ட்லைன் ரிசீவரை ஒட்டி வைத்தால் மட்டும் பேச்சு தெளிவாக வரும். பிஸிக்ஸ் படிக்கும் மகள் ஸ்நேகா ஒருநாள் விளக்கினாள்.

"ரிசீவருக்குள்ள காந்தப்புலம் மாறிண்டே இருக்கும்மா. அது உன் மெஷின்ல இருக்கற குட்டிக் கம்பிச் சுருள்ல கரண்ட்ட உண்டாக்கும். அந்தக் கரண்ட்தான் உனக்குச் சத்தம். ஒயர் வேண்டாம், தொடவும் வேண்டாம். ஆனா புலம் மாறணும். மாறாம நின்னா ஒண்ணும் வராது."

"அப்போ உங்கப்பாகிட்டேர்ந்து ஒண்ணும் வராது. இருபத்தஞ்சு வருஷமா மனுஷர் மாறவே இல்லை" என்றேன். அவர் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

டி-யில் ஒரே ஒரு தொல்லை. வீட்டில் கரண்ட் ஓடினால் சுவருக்குள் இருக்கும் ஒயரெல்லாம் 'கொர்ர்ர்' என்று காதில் இரையும்.

அன்று நல்ல மழை. 2.50க்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. 3.06க்கு லேண்ட்லைன் அடித்தது. ரிசீவரை எடுத்து, மெஷினை டி-யில் வைத்தேன். இரைச்சலே இல்லை. என் கணவர் அழகியநம்பியின் குரல்.

"விஜி, தம்பானூர்ல ஆஃபீஸ் லிஃப்ட்ல மாட்டிண்டேன். நாலாவது மாடிகிட்ட நிக்கறது. மூச்சு முட்டறது."

அவருக்கு ஆஸ்துமா. அவர் மறந்துவிட்டுப் போன இன்ஹேலர் என் கண்ணெதிரே மேசைமேல் கிடந்தது.

"பதட்டப்படாதேங்கோ. கூட யாராவது இருக்காளா?"

"நான் மட்டும்தான். போன்ல சார்ஜ் வேற இல்லை."

அப்போதுதான் கேட்டது... அவருடைய இரைப்புக்கு அடியில் இன்னொரு மூச்சு. நிதானமாக.

எம்-முக்கு மாற்றினேன். ரிசீவரில் அவர் மட்டும். மறுபடி டி... இரண்டு மூச்சு.

ஸ்நேகா தன் மொபைலில் ஃபயர் ஃபோர்ஸைக் கூப்பிட்டாள்.

3.11. ஒரு 'டக்'. ஸ்நேகா ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "கட் ஆயாச்சு" என்று உதடு அசைந்தது. ரிசீவரைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆனால் என் காதில் அவர் இன்னும் இருந்தார்.

"விஜி... இருக்கியா?"

"இருக்கேன்."

அது என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

"அது நானில்லை!" என்று கத்தினேன். ஸ்நேகா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள். என் மெஷினால் கேட்கத்தான் முடியும். பேச முடியாது.

3.19.

"மூச்சு வரலை, விஜி..."

"வரும். நான் எண்ணறேன். கூடவே விடுங்கோ. ஒண்ணு... ரெண்டு..."

3.24. அவர் குரல் இல்லை. எண்ணிக்கை மட்டும்.

3.28. என் குரலில் எண்ணிக்கொண்டிருந்தவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். காதைப் பொத்திக்கொண்டு...

கொர்ர்ர்ர்.

கரண்ட் வந்துவிட்டது.

5.40க்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. கட்டிக்கொண்டு அழுதேன். ஸ்நேகா அவர் போனை சார்ஜில் போட்டுப் பார்த்தாள்.

"அப்பா, 3.11க்கே ஆஃப் ஆயிருக்கு. அஞ்சு நிமிஷம்தான் பேசியிருக்கே."

"தப்பா காட்டறது. கண்ணை மூடிண்டு காதுலயேதான் வெச்சிண்டிருந்தேன். லிஃப்ட் நகர்ற வரைக்கும் உங்கம்மா பேசிண்டே இருந்தாளே. அவ எண்ணலைன்னா நான் இன்னிக்கு இல்லை."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அதுவும் கடைசியா ஒண்ணு சொன்னே பாரு விஜி, அதுதான் தெம்பு."

"என்ன சொன்னேன்?"

"'கதவு திறந்ததும் நம்ம ஆத்துக்குச் சேர்ந்தே போலாம், வரட்டுமா?'ன்னு கேட்டியே. நானும் 'வா'ன்னேன்."