காலி வண்டி எடை

ஏழு வருஷம் எடை மேடையில் உட்கார்ந்தவளுக்குக் கழித்தல் கணக்கு தூக்கத்திலும் வரும். லாரி சரக்கோடு ஏறும், ஒரு எண். இறக்கிவிட்டு வரும், இன்னொரு எண். கழித்தால் சரக்கு. காலி வண்டியின் எடை மட்டும் லேசில் மாறாது. குறைந்தால் டிரைவர் ஸ்டெப்னி டயரைக் கழற்றி விற்றுவிட்டான் என்று அர்த்தம். அப்படிச் சந்தேகப்பட்டு அவள் கிழிகிழியென்று கிழித்த டிரைவர்தான் இன்று அவள் புருஷன். பாவம், அன்று அவன் வண்டியில் டீசல் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பாப்பா பிறந்த இந்த மூன்று மாதமாக வீட்டிலும் அதே வேலை. எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். தினமும் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவாள். தொட்டிலில் போட்டுவிட்டுத் தான் மட்டும் ஏறுவாள். கழித்து வந்ததைச் செல்போன் ஆப்பில் போடுவாள். அடுத்த நிமிஷம் அது வெளியூரில் லாரியோடு அலையும் புருஷனுக்கும், அவன் அம்மாவுக்கும் போய்விடும்.

உடனே மாமியார் கூப்பிடுவார். "ஏம்மா, நேத்து நாலு தடவைதான் ஈரம் பண்ணியிருக்கா? பால் குடுத்தியா இல்லியா?"

பால், தூக்கம், ஈரம், அழுகை, எல்லாவற்றுக்கும் ஆப்பில் கட்டம் உண்டு. பெற்றவளுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் அவள் நின்றபடியே சாப்பிடுவதையும், சோப்பு போடும்போது மோதிரம் கழன்று விழுவதையும் ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்லத் தெம்பில்லை.

அன்று காலையும் அசதியோடு எண்ணைத் தட்டினாள். உடனே போன் அடித்தது. சரக்கோடு பாதி வழியில் நின்றிருந்த புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடியே, பாப்பா நாப்பத்திமூணு கிலோவாம்! லாரியிலதான் ஏத்தணும் போல!"

"தப்பாப் போட்டுட்டேங்க. அது நான்."

சிரிப்பு நின்றது. "கல்யாணத்தப்போ அம்பத்திரண்டு இருந்தியே?"

"இருந்தேன்."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஸ்டெப்னி எங்கடி போச்சு?"

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

"ஸ்டெப்னியெல்லாம் இருக்குங்க. டீசல்தான் இல்ல."

"லோடை வேற வண்டிக்கு மாத்திட்டு வர்றேன். சாயங்காலம் வந்துருவேன். நீ முதல்ல உக்காரு."

அவள் இன்னும் எடை மெஷின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.