மகன் வெளியே இருக்கட்டும்

“செத்துப்போய்விட்டால் தேவலை என்று சமீபத்தில் நினைத்தீர்களா?” - டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

மகன் அம்மாவிடம் திரும்பினார். “நைட் நல்லா தூங்கறியான்னு கேக்கறாங்கம்மா.”

“தூங்கறேன்னு சொல்லு சாமி.”

“நோ” என்றார் மகன், டாக்டரிடம்.

அமெரிக்காவில், டெக்சாஸின் இர்விங் நகரில் நான் நர்ஸாக இருக்கும் கிளினிக்கில், போன செவ்வாய்க்கிழமை நடந்தது இது. (அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.) அறையில் தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான். மகனுக்கு அது தெரியாதா? தெரியும்... இந்த ஆன்ட்டி கண்டுகொள்ள மாட்டார் என்ற நம்பிக்கை!

“தம்பி, டாக்டர் கேட்டது அது இல்லையே?”

“ப்ளீஸ் ஆன்ட்டி. அதையெல்லாம் கேட்டா இல்லாத நினைப்பும் வந்துடும்.”

“கேக்கறதால வராது. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க.”

இந்தத் துணிச்சல் ரோசாவிடம் கற்றது. எங்கள் சமூகப் பணியாளர். தற்கொலை எண்ணத்தைக் கண்டறியும் கேள்வித்தாளை ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறார். மொழிபெயர்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது. அப்புறம் என்ன வேலை என்கிறீர்களா? கேள்விகளை ஒவ்வொருவரிடமும் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று விசாரிக்கிறார். எல்லோருக்கும் நன்றாகவே புரிகிறது. ஆனால், பக்கத்தில் மகள் இருந்தால் எல்லோரும் பரம சந்தோஷமாக இருக்கிறார்கள்! அதனால் முதல் கேள்விக்கும் மேலே ஒரு வரி சேர்த்துவிட்டார் - குடும்பத்தார் வெளியே இருக்கட்டும்.

ஸ்பானிஷுக்குச் சரி, தமிழுக்கு மட்டும் ஆகாதா?

கதவைச் சாத்தினேன். டாக்டரின் கேள்வியை மென்று விழுங்காமல் அப்படியே கேட்டேன்.

அந்த அம்மா கதவைப் பார்த்தார். பிறகு என்னை.

“தூங்கி எந்திரிக்காமயே போயிட்டாத் தேவலைன்னுதான் இருக்குது கண்ணு. அவன் ஆபீஸ் போயிட்டா அந்த அபார்ட்மென்ட்ல செவுத்தையே எத்தன நேரம் பாத்துட்டிருப்பேன்? அவங்கிட்டச் சொல்லிப்போடாத. விசா டென்சன்ல இருக்கறான், பாவம்.”

மகன் அம்மாவைக் காப்பாற்றுகிறார். அம்மா மகனைக் காப்பாற்றுகிறார். இந்தப் பாசத்தில் டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு ‘நோ’!

அந்த அம்மா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரோசாவும் வந்தார். தனியாக இருக்கும் பகல் பொழுதுக்கு என்ன வழி, மனம் கனத்தால் யாரைக் கூப்பிடுவது - எல்லாம் முடிவான பிறகுதான் கதவு திறந்தது. ‘நானே சொல்லிக்கறேன் கண்ணு’ என்று, மகனிடம் அந்த அம்மாவே சொன்னார்.

அதற்குள் மகன் கிளினிக் மேனேஜரிடம் என்மேல் புகார் கொடுத்திருந்தார். “இனிமேலாவது கொஞ்சம் அனுசரித்துப் போங்களேன்” என்றார் மேனேஜர்.

முடியாது என்றேன்.

வெளியே நல்ல நாற்காலி இருக்கிறது, காபி இருக்கிறது. மகன்கள் தாராளமாக உட்காரலாம்.